துப்பாக்கிக்கு இஸ்திரி போடும் அண்ணாச்சிக்கு

லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களைக் கண்டால் ஊர் ஏன் முகம் சுளிக்கிறது என்று சென்ற இதழில் ராதாபுரத்து அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். பதிலையும் அவரே கண்டுபிடித்துவிட்டார்: லுங்கி. லுங்கியோடு முறுக்கு மீசை, மேல்பொத்தான் போடாத சட்டை, கட்டைச் சங்கிலி, வெற்றிலைக் கறை. இதையெல்லாம் விட்டுவிட்டு, மழித்த முகம், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ என்று துப்பாக்கிக்காரர்கள் வெளியே வர ஆரம்பித்தால் ஜனங்களுக்குப் பயம் போய் மரியாதை வந்துவிடுமாம். அமெரிக்காவில் இப்படித்தான் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறார்களாம். அதோடு நிற்கவில்லை. லைசென்ஸ் கேட்டு வருகிறவரின் நடை, உடை, பாவனையையும் அதிகாரிகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கப்போவதாகவும் முடித்திருக்கிறார்.

கட்டுரையின் தமிழ் நன்றாக இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்வதற்கு நல்லதாக எதுவும் இல்லை.

முதலில், அண்ணாச்சி சீர்திருத்தக் கிளம்பியிருக்கும் காட்சியே நம் நாட்டில் இருக்கக் கூடாத காட்சி. 2016ஆம் வருட ஆயுத விதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோனால் உறைக்குள் இருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பைக்குள் இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவது குற்றம். ஆக, சட்டப்படி நடக்கிற ஒரு லைசென்ஸ்காரர் வள்ளியூர் பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. தெரியும்படி அவர் நடந்துகொண்டால், கட்டியிருப்பது லுங்கியா பேண்டா என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை. போலீஸுக்கு மட்டும்தான் வேலை.

பிறகு எங்கிருந்து வந்தது இந்த யோசனை? துப்பாக்கியை இடுப்பில் வெளியே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று பல மாநிலங்களில் அனுமதி உள்ள ஒரு தேசத்திலிருந்து வந்தது. அங்கே அது ஒரு விவாதம். துப்பாக்கி மாட்டிக்கொண்டு போகும்போது கண்ணியமாக உடுத்துங்கள், நம் எல்லோருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தராதீர்கள் என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிக்கொள்கிறார்கள். அந்த உபதேசத்தை அப்படியே இறக்குமதி செய்து திசையன்விளைச் சந்தையில் கடை விரித்திருக்கிறார் அண்ணாச்சி. சரி, விளைந்த மண்ணிலாவது அது வேலை செய்ததா என்று பார்ப்போம்.

1967 மே 2. கலிபோர்னியாவின் தலைநகரம் சாக்ரமென்டோ. கறுப்பர்களின் கருஞ்சிறுத்தைகள் கட்சிக்காரர்கள் துப்பாக்கிகளோடு சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். அன்றைய சட்டப்படி துப்பாக்கியோடு நடமாடுவது அங்கே குற்றமில்லை. அவர்கள் உடை விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது: கறுப்புத் தோல் ஜாக்கெட், பெரே தொப்பி, வரிசை குலையாத நடை. விளைவு என்ன? பொது இடத்தில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கொண்டுபோகத் தடை போடும் மசோதா ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்தது. அது விறுவிறுவென்று நிறைவேறியது. கையெழுத்துப் போட்டவர் அப்போதைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் துப்பாக்கி உரிமைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ரீகன்தான். வெள்ளைக்காரர் மாட்டியிருந்தபோது யாருக்கும் உறுத்தாத துப்பாக்கி, கறுப்பர் கைக்குப் போனதும் சட்டம் போடும் அளவுக்கு உறுத்திவிட்டது. ஜாக்கெட்டை எவ்வளவு தேய்த்துப் போட்டிருந்தாலும் அது மாறியிருக்காது.

இன்னொன்று அண்மைக் காலத்தது. 2016 ஜூலை 6, மின்னசோட்டா. ஃபிலாண்டோ காஸ்டில் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர்; துப்பாக்கிக்கு அனுமதி வைத்திருந்தவர். காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்வந்து பணிவாகச் சொன்னார். மறைத்தால்தானே சந்தேகம் என்று நினைத்திருப்பார். சில நொடிகளில் ஏழு குண்டுகள். காரில் அவருடைய துணைவியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தார்கள். சுட்டவர் மறுவருடம் விடுதலையானார். லைசென்ஸ், பணிவு, மரியாதையான பேச்சு என்று அண்ணாச்சி கேட்கும் எல்லாமே காஸ்டிலிடம் இருந்தது.

அமெரிக்கா போதும். நம்மூருக்கு வருவோம்.

நம் பக்கத்தில் சீருடைப் போலீஸைத் தவிர, கையில் துப்பாக்கியோடு ஜனங்கள் பார்த்துப் பழகிய ஆட்கள் இரண்டே வகை. ஒருவர், பேங்க் வாசலிலும் நகைக்கடை வாசலிலும் நிற்கிற மிலிட்டரிக்காரர். பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். சொந்த லைசென்ஸில் டபுள் பேரல் வாங்கி அதையே பிழைப்பாக்கிக்கொண்டவர். சாயம் போன சீருடை, தேய்ந்த பூட்ஸ், காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே கழியும் நாள். அண்ணாச்சி பயப்படுகிற முறுக்கு மீசை அவருக்கும் உண்டு. சொல்லப்போனால் அந்த மீசையைப் பார்த்துத்தான் முதலாளி வேலையே கொடுக்கிறார். தாலிக்குப் பவுன் எடுக்க வரும் குடும்பம் அவரைக் கண்டு பயந்து திரும்பிப் போவதில்லை. “என்ன மாமா, சாப்டாச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போகிறது. அவர் யார், யாரிடம் சம்பளம் வாங்குகிறார், எதற்காக அங்கே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொருவர் நரிக்குறவர். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுகளில் திரிந்த குருவிக்காரரை நாற்பது வயது தாண்டிய எல்லோரும் பார்த்திருப்போம். அண்ணாச்சியின் கணக்குப்படி பார்த்தால் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாகப் பயமுறுத்தியிருக்க வேண்டிய ஆள் அவர்தான். எண்ணெய் காணாத தலை, கிழிந்த துணி, கழுத்தில் பாசிமணி, கையில் நிஜத் துப்பாக்கி. ஆனால் பயந்தது யார்? பிள்ளைகள் பின்னால் ஓடிக் கேலி செய்தார்கள். சினிமா அவரைக் காமெடிக்கு வைத்துக்கொண்டது. டீக்கடைக்காரர் தனி டம்ளர் எடுத்தார். எங்காவது ஒரு திருட்டு நடந்தால் போலீஸ் அவர்களைத்தான் முதலில் தேடியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கவே 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் திருத்தம் நிறைவேற்றும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி கையில் இருந்தும் அவரை ஏறி மிதிக்க யாரும் தயங்கவில்லை.

இப்போது மூன்றாவது ஆளைச் சொல்கிறேன். இவர் கையில் துப்பாக்கி தெரியாது. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற தலைவர் படம், மழித்த முகம், நெற்றியில் அளவான சந்தனம். அண்ணாச்சி கேட்ட இஸ்திரி ஒரு மடிப்புக் குறையாமல் இருக்கிறது. வெள்ளை வண்டி வந்து நின்று இவர் இறங்கினால் டீக்கடை பெஞ்சு தானாக அமைதியாகிறது. சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த விடலையின் தொடையைத் தட்டி, “ஏல, யாரு வண்டின்னு பாத்துப் பேசு” என்கிறார் ஒரு பெரியவர். இவர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும், யாரும் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

ஆக, கிழிந்த துணியோடு துப்பாக்கி வைத்திருக்கிறவரைக் கண்டு சிரிக்கிறார்கள். சலவை வேட்டியில் வருகிறவரைக் கண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். உடை அழுக்காக அழுக்காகப் பயம் கூடும் என்ற அண்ணாச்சியின் சூத்திரம் இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. அவருடைய பிசகு எங்கே என்றால், ஜனங்களுக்குக் கண் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். அவர்களுக்கு ஞாபகமும் இருக்கிறது. எவன் சுட்டால் கேஸ் நிற்கும், எவன் சுட்டால் சாட்சி பல்டியடிக்கும், எவன் வீட்டுக்கு ஸ்டேஷனிலிருந்தே போன் வரும் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துபடி. அந்தக் கணக்கில் சட்டைத் துணி ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

மீசையைப் பற்றி அண்ணாச்சி அரைப்பக்கம் எழுதியிருப்பதால் நானும் நாலு வரி எழுதிவிடுகிறேன். தமிழன் மனதில் துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்ட மீசை வீரப்பனுடையது. 2004 அக்டோபர் 18இல் அவர் கொல்லப்பட்ட பிறகும் அந்தப் படம் போகவில்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே அளவு மீசை 1959இல் சிவாஜி கணேசன் முகத்தில் கட்டபொம்மனாக வந்தபோது கொட்டகை எழுந்து நின்றது. அதே மீசை நம் சுடலைமாடனுக்கு இருக்கிறது. கையில் ஆயுதமும் இருக்கிறது. கொடை அன்றைக்கு அண்ணாச்சியும் போய்த் திருநீறு வாங்குகிறாரே, சாமியைச் சவரம் செய்துகொண்டு வரச் சொல்கிறாரா?

‘கண்ணியமான உடை’ என்பது நம் சீமையில் ஒரு வெள்ளந்தியான பேச்சு இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராதாபுரம் தாலுகாவுக்கு மேற்கே எல்லை தாண்டினால் பழைய தென் திருவிதாங்கூர். அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதே கண்ணியக் குறைவு என்று அடித்துக் கிழித்தார்கள். 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம், 1859 ஜூலையில் மன்னர் பிரகடனம் வரும் வரை விட்டுவிட்டு எரிந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தன் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார். தலையில் துணி சுற்றுவதே திமிர் என்று பார்க்கப்பட்ட காலம் அது. இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? தோள் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டிய தெருக்கள் இருந்தன. செருப்பு கைக்கு ஏற வேண்டிய தெருக்கள் இருந்தன. உடுத்துவது யார் என்று பார்த்துத்தான் உடை கண்ணியமா திமிரா என்று தீர்மானித்தார்கள். தீர்மானிக்கும் அதிகாரம் எப்போதும் மேலே இருந்தவர்களிடம் இருந்தது. இப்போது அண்ணாச்சி, துப்பாக்கி விஷயத்திலும் அந்தத் தராசைத் திரும்ப எடுத்து வையுங்கள் என்கிறார். அதுவும் ஒரு சமூக சேவை மாதிரி.

லுங்கிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. பணகுடிக்கு மேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் வாழை போட்டிருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராத்திரி பன்றிக்கூட்டம் இறங்கினால் காலையில் என்ன மிஞ்சும் என்று. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே தனியாகத் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. அதை வைத்துக்கொண்டு பன்றியை இஷ்டத்துக்குச் சுட முடியாது என்பது வேறு விஷயம். 1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்தச் சிங்கிள் பேரலைத் துடைத்து வைத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு பரணில் கிடக்கிற சம்சாரி முழுக்கைச் சட்டையும் பாலிஷ் ஷூவும் போட வேண்டுமா? அந்த அழகைப் பார்த்துப் பன்றி மரியாதையாக ஒதுங்கிப் போகுமா? அவர் லைசென்ஸைப் புதுப்பிக்க அதே கோலத்தில் ஆபீஸுக்கு வந்தால், அவரைப் பார்த்து முகம் சுளிக்கிற குமாஸ்தாவுக்குத்தான் அண்ணாச்சி இப்போது வெண்சாமரம் வீசுகிறார்.

ஒழுங்காக உடுத்தியவர்கள் துப்பாக்கி எடுத்த கதைகளுக்கு நம் ஜில்லாவில் பஞ்சமா? 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். கலெக்டர் ஆஷ் மனைவியோடு முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டியில் ஏறிய செங்கோட்டை வாஞ்சிநாதன் நேர்த்தியாக உடுத்தியிருந்தார், குடுமி வைத்திருந்தார் என்றுதான் அந்த நாளைப் பற்றிய விவரங்கள் சொல்கின்றன. கையில் இருந்த பிரௌனிங் பிஸ்டலால் ஆஷைச் சுட்டார். நாடு அவரைத் தியாகி என்கிறது. ஸ்டேஷனுக்கு அவர் பெயரும் வைத்தாயிற்று. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. தோற்றத்தைப் பார்த்து ஆளை எடைபோட்டுவிடலாம் என்று நம்பிய ஒரு துரைத்தனத்தின் கண்ணுக்கு, அந்த நேர்த்தி ஒரு எச்சரிக்கையும் தரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

1967 ஜனவரி 12இல் ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரைச் சுட்டது எம்.ஆர்.ராதா. தோற்றத்தையே தொழிலாக வைத்திருந்த இரண்டு பேர். தமிழ்நாட்டில் அவர்களைவிடத் தங்கள் தோற்றத்தைப் பற்றி யோசித்தவர்கள் இருந்திருக்க முடியாது. குண்டு அதைப் பொருட்படுத்தவில்லை.

வடக்கே போனால் இன்னும் கூத்து. கல்யாணத்தில் சந்தோஷத்துக்காகத் துப்பாக்கி வெடிக்கிற வழக்கம் அங்கே உண்டு. வெடிக்கிறவர்கள் சூட்டும் ஷெர்வானியும் தலைப்பாகையுமாக, வாழ்க்கையிலேயே மிகச் சிறப்பாக உடுத்திய நாளில்தான் வெடிக்கிறார்கள். 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண் அப்படி வந்த குண்டில் விழுந்து செத்தாள். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கொண்டாட்டச் சூட்டுக்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதினார்கள். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். 2022 நவம்பரில் பஞ்சாப் அரசு பொது இடத்தில் ஆயுதத்தைக் காட்டிப் பெருமையடிக்கவே தடை போட்டது. இந்த நடவடிக்கை எதிலும் யாரும் சட்டையைப் பற்றிப் பேசவில்லை. துப்பாக்கியை வெளியே எடுக்காதே என்றார்கள், அவ்வளவுதான். கொடைவிழாவில் குடித்துவிட்டு இடுப்பைத் தட்டிக்காட்டுகிறவனைப் பற்றி அண்ணாச்சி எழுதிய ஒரு பத்தியில் மட்டும் எனக்கும் உடன்பாடு உண்டு. அவனைப் பிடிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. பிடித்துக் கொடுங்கள். துணி மாற்றிக்கொண்டு வா என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சீருடையை உதாரணம் காட்டியிருக்கிறார். போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருந்தும் ஜனங்கள் நம்புவது அந்த மிடுக்கான காக்கியால்தானே என்று கேட்கிறார். தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதைக் கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களை ஆற்றுக்குள் விரட்டியது மிடுக்கான காக்கிதான். 17 பேர் செத்தார்கள், இரண்டு வயது கூட நிரம்பாத ஒரு குழந்தையும் சேர்த்து. அன்றைக்கு எல்லாச் சட்டையிலும் பொத்தான் சரியாகத்தான் போட்டிருந்தது.

ஆனாலும் சீருடைக்கு ஒரு அர்த்தம் உண்டு. அதை அண்ணாச்சி பிடிக்கவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைக் கொன்ற துப்பாக்கிச்சூட்டின்போது, போலீஸ் வேன் மேல் ஏறி, ரைஃபிளைத் தூக்கிக் குறி பார்த்த அந்த மஞ்சள் டி-ஷர்ட் ஆளின் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படம் ஏன் அப்படி உலுக்கியது? டி-ஷர்ட் மரியாதைக் குறைவான உடை என்பதாலா? நெஞ்சில் பெயர் வில்லை இல்லை, தோளில் எண் இல்லை, யார் என்று தெரியவில்லை, யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. சீருடையின் வேலை அழகு இல்லை. இன்னார் சுட்டார் என்று நாளைக்கு ஒரு விசாரணை ஆணையத்தில் கைநீட்ட அது உதவுகிறது. தூத்துக்குடிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. யார் யார் எங்கே நின்றார்கள், யார் உத்தரவில் சுட்டார்கள் என்பதைத்தான் அது தேடியது. ஜனங்களின் கேள்வியும் அதுதான். துப்பாக்கி வைத்திருக்கிறவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா? பதில் கிடைக்கும் என்றால் கந்தலையும் சகித்துக்கொள்வார்கள். கிடைக்காது என்றால் பட்டுக்கும் பயப்படுவார்கள்.

இங்கே அண்ணாச்சி நாங்குநேரி வெட்டுச் சம்பவத்தை இழுத்து வருவார் என்று எனக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டுகிற சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததே, அப்படியானால் தோற்றம் முக்கியம்தானே என்பார். கயிறு ஒரு கொடி. நான் இந்தக் கூட்டம், நீ அந்தக் கூட்டம் என்று சொல்வதற்காகவே கட்டுவது. அதை அவிழ்க்கச் சொன்னதன் நோக்கம், யார் என்ன ஆள் என்று பார்த்தவுடன் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது. அண்ணாச்சி கேட்பது நேர் எதிர்: பார்த்தவுடன் இவர் நம்ம ஆள், பெரிய மனுஷர் என்று தெரிய வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் வள்ளியூர்ப் பள்ளியில் அவனோடு அதே சீருடை போட்டுப் படித்தவர்கள். சீருடை அரிவாளைத் தடுக்கவில்லை. துப்பாக்கியைத் தடுக்கும் என்று எந்தத் தைரியத்தில் எழுதினார்?

பெண்களை அவர் மறந்தே போனார். கட்டுரை முழுக்க மீசை, சவரம், சட்டை. பெண்ணுக்கும் லைசென்ஸ் உண்டு அண்ணாச்சி. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு, 2014இல், கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அதை நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பயத்தோடு வீடு திரும்புகிற பெண்ணுக்கு அரசாங்கம் யோசித்துக் கொடுத்த உபகாரம், பெட்டியின் நிறம். எந்த நர்ஸ், எந்த மில் தொழிலாளி அந்த விலை கொடுத்து வாங்குவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. தோற்றத்தில் மயங்குகிற புத்தி அண்ணாச்சிக்கு மட்டும் உரியதில்லை என்று ஆறுதல் சொல்ல இதைக் குறிப்பிட்டேன்.

கடைசியில் அந்த மனு. கட்டுரையின் மற்றதெல்லாம் அசட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். மனு அப்படியில்லை.

லைசென்ஸ் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் சொல்கிறது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவரா, அமைதி காக்கப் பிணை எழுதிக் கொடுத்தவரா, மனநலம் சரியில்லாதவரா, கொடுத்தால் பொது அமைதிக்குக் கேடு வருமா என்று பார்க்க வேண்டும். ஸ்டேஷன் அறிக்கை வர வேண்டும். 2016 விதிகள் மருத்துவச் சான்றையும் பாதுகாப்புப் பயிற்சியையும் சேர்த்தன. இதோடு 14ஆம் பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. அண்ணாச்சி அதைப் படித்திருந்தால் பேனாவை மூடியிருப்பார். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்கிறது அது. சொத்தைப் பார்க்காதே என்று ஏன் தனியாக எழுத வேண்டி வந்தது? அதற்கு முந்தைய 1878ஆம் வருடச் சட்டத்தின் வண்டவாளம் அப்படி. வெள்ளைத்தோலுக்கு லைசென்ஸே தேவையில்லை. பட்டம் வாங்கியவர்கள், பெரிய ஜமீன்கள் என்று விசுவாசிகளுக்கு விலக்கு. மற்றவர்கள் துரையின் முகம் பார்த்து நிற்க வேண்டும். அதற்கும் முன்னால், 1801இல் பாளையக்காரர்களை ஒடுக்கியதும் இந்தச் சீமை முழுக்க ஆயுதம் வைத்திருக்கவே தடை போட்டார்கள். ஆளைப் பார்த்து முடிவு செய்வது அதிகாரிக்குச் சுகமான வேலை. குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வைத்து, பிறப்பைப் பார்த்தே ஊர் ஊராகக் கைரேகை எடுத்தவர்கள் அந்த அதிகாரிகள். அதற்கு மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் சுட்டும் தள்ளினார்கள்.

இவ்வளவையும் தாண்டி வந்த சட்டத்தில் ‘நடை உடை பாவனை’ என்று ஒரு சந்து வெட்டச் சொல்கிறார் அண்ணாச்சி. அந்தச் சந்து வழியாக யார் உள்ளே வருவார்கள்? சலவை வேட்டி வரும். காண்ட்ராக்டர் வருவார், மணல் லாரிக்காரர் வருவார், வட்டச் செயலாளரின் மைத்துனர் வருவார்; எல்லோரும் பளிச்சென்று வருவார்கள். வெளியே நிற்பவர்கள் யார்? வாழைத்தோட்டக்காரர், சாயம் போன சீருடைக்காரர், குருவிக்காரர். ஏற்கெனவே எழுதாத விதியாக நடப்பதை எழுதிய விதியாக்கித் தாருங்கள் என்பதுதான் இந்த மனுவின் சாரம்.

தேர்தல் தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்களே, அதை அண்ணாச்சி ஒரு அவமானமாக எழுதியிருக்கிறார். நல்ல குடும்பத்து ஆட்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதாம். 2016இல் வெற்றி 49 ஓட்டில் தீர்மானமான தொகுதி ராதாபுரம். அதற்குப் பிறகு மறுஎண்ணிக்கை, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போனது. அந்த மாதிரி ஒரு ராத்திரியில் ஊர்த் துப்பாக்கிகள் ஸ்டேஷன் அறையில் பூட்டிக் கிடந்தது யாருக்கு அவமானம்? யார் ஜாமீனில் வெளியே இருக்கிறார், யார் மேல் பழைய கலவர வழக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் தேர்தல் ஆணையமும் வழிகாட்டியிருக்கிறது. நல்ல குடும்பம் என்று அதில் ஒரு வகை இல்லை. வரிசையில் பண்ணையாருக்குப் பின்னால் சம்சாரியும், சம்சாரிக்குப் பின்னால் மிலிட்டரிக்காரரும் நிற்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது அப்படி நிற்பதுதான் அண்ணாச்சிக்கு உறுத்துகிறது என்று நினைக்கிறேன்.

மனுவில் கையெழுத்துக் கேட்டு எனக்கும் ஆள் அனுப்பியிருந்தார். போடவில்லை. 14ஆம் பிரிவின் அந்த உட்பிரிவை ஒரு தாளில் எழுதி, வந்த பையனிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு மனுவை எப்படி எழுதுவார் என்பதை அடுத்த இதழில் அவர் சொல்லட்டும்.